ஏசிப் பெட்டியின் தலையில் வளர்ந்த கருவேப்பிலை

என் மகள் பள்ளி விட்டு வந்து தினமும் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, ஒரு பழைய ஏசிப் பெட்டியையும் அதன் தலையில் ஒரு கருவேப்பிலை மரத்தையும் நாலு வருஷமாக நான்தான் வைத்திருந்தேன். வேண்டுமென்று யாராவது அப்படிச் செய்வார்களா? ஆனாலும் செய்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது எனக்குச் சுலபம்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் வாடகை வீடு. நாங்கள் வந்த நாளிலேயே அந்த ஏசி அங்கே இருந்தது. உள்ளே சுவரில் ஒரு பெட்டி. வெளியே, பால்கனியை ஒட்டிய சுவரில், இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் இன்னொரு பெரிய பெட்டி. இரண்டு கோடைக்குக் குளிர் தந்தது. மூன்றாம் கோடையில் கொஞ்சம் இருமியது, அதோடு பேச்சுமூச்சில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னோம். "தோப்போ, தோப்போ" என்றார். பிறகு பார்ப்போம் என்று அர்த்தம். அவருடைய பிறகு கடைசிவரை வரவில்லை.

வேலை செய்யாத சாமானுக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவது எங்கள் ஆட்களின் புத்தி. எங்கள் பால்கனியில் காலை முதல் பின்னேரம் வரை வெயில் விழுகிற ஒரே இடம் அந்தப் பெட்டியின் தலைதான். என்னோடு ஒரே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த மொரிசியஸ்காரி ஒருத்தி ஒரு கருவேப்பிலைக் கன்று தந்தாள். அவளுடைய பூட்டனார் தமிழராம். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது, ஆனால் அந்தச் செடியை "கறிப்பூலே" என்றுதான் சொல்வாள். கன்றைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தேன். முதலில் ஒரு தகர டின்னில் நின்றது. பிறகு வாளிக்குப் போனது. கடைசியில் இரண்டு பேர் தூக்குகிற பெரிய மண் சாடிக்கு வந்தது. இந்த ஊரில் கருவேப்பிலை அப்படி லேசில் கிடைக்காது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலுக்கு வெளியே வந்தால் என்னிடம் சுகம் கேட்பவர்களைவிட இலை கேட்பவர்கள்தான் அதிகம். எனக்கும் அதில் ஒரு நடப்பு, ஒரு பெருமை இருந்தது, ஏன் பொய் சொல்லுவான். மன்னாரில் எங்கள் வீட்டில் எங்களை யாரும் கணக்கெடுத்ததில்லை. இங்கே நான் கருவேப்பிலைக்காரி.

மரம் என்றால் தண்ணீர் வேண்டும். கோடையில் காலையும் மாலையும் ஊற்றுவேன். சாடியில் நின்றது போக மீதி பெட்டியின் மேல் ஓடி, தாங்கியில் வடிந்து, இரண்டாம் மாடிக்காரரின் பால்கனியில் அவர் காயப்போட்ட உடுப்பின் மேல் விழும்.

இரண்டாம் மாடிக்காரர் ஒரு கிழவர். மேசனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, தனி ஆள். தண்ணீர் விழுந்ததோ இல்லையோ, கீழே இருந்து "சிஞ்ஞோரா! தண்ணி!" என்று கத்துவார். சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மா என்கிற மாதிரி. என் கோபம் மூக்கு நுனியில் இருப்பது. நானும் மேலே நின்று தமிழில் நன்றாகக் கொடுப்பேன். அவருக்கு விளங்காது என்ற துணிவில் சொன்னவைகளை இங்கே எழுத முடியாது. என் கணவர் சிரிப்பார். "உங்கட ரெண்டு பேற்றை சத்தத்துக்குச் சந்தைக்காரனே தோத்துப்போவான்" என்பார்.

மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஒன்றரைக்குப் பள்ளி விடும். இரண்டு மணிக்குக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். இடையில் மூன்று மாடி ஏறி இறங்க அவளுக்குப் பஞ்சி, சோம்பல். நான் பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவேன். இந்த ஒழுங்கையில் பாண், பால், சிகரெட் எல்லாம் அப்படித்தான் மேலே போகும். கூடையில் சாப்பாட்டுப் பெட்டி கீழே போகும், பள்ளிப் பை மேலே வரும். கயிற்றைப் பால்கனிக் கம்பியில் கட்டிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். கீழே இருந்து இரண்டு தரம் இழுத்தால் மேலே எடுப்பேன். மற்றப் பக்கத்தில் உடுப்புக் கொடி இருந்ததால் கூடை இறங்குவது எப்போதும் ஏசிப் பக்கமாகத்தான். ஆகவே மகள் நிற்பது அதற்குக் கீழே.

ஈஸ்டருக்கு முன், போன தவக்காலத்தில் ஒருநாள் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் கீழ்வீட்டுக் கிழவர். உள்ளங்கையை நீட்டினார். அதில் தவிட்டு நிறத்தில் ஏதோ தூள். இத்தாலியன் பாதி, சிசிலியன் பாதி, என்னவோ சொன்னார். அவர் வாயில் தண்ணீர் என்ற சொல் வந்ததும் எனக்கு ஏறிவிட்டது. காலை முழுக்க ஒரு சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்துவிட்டு அப்போதுதான் வந்து இருந்தேன். "பஸ்தா, பஸ்தா", போதும் போதும் என்று சொல்லிக் கதவை முகத்தில் சாத்தினேன். அன்றே மகளிடமும் சொல்லிவைத்தேன், அந்த மனுசனோடு ஒரு கதையும் வைத்துக்கொள்ளக்கூடாது, வணக்கத்துக்கு ஒரு "சாவ்" கூடச் சொல்லக்கூடாது என்று. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. அவர் கையில் கொண்டுவந்தது எங்கள் ஏசித் தாங்கியிலிருந்து உதிர்ந்த கறள், இரும்புத் துரு.

ஜூன் தொடக்கம், பள்ளிக் கோடை விடுமுறைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. இரண்டு நாள் சிரோக்கோ அடித்தது. அந்தக் காற்றில் ஊரே அடுப்பு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். சனிக்கிழமை காலை காற்று ஓய்ந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். சாடி ஒரு பக்கம் சரிந்து நின்றது. குனிந்து பார்த்தேன். சாடி சரியவில்லை, பெட்டியே சரிந்திருந்தது. ஒரு தாங்கி சுவரை விட்டு ஒரு விரல் அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. அதைப் பிடித்திருந்த ஆணியில் கறள் தின்றது போக மிச்சம் ஈர்க்குத் தடிப்புத்தான்.

என் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடப் பயமாக இருந்தது. நேற்று மத்தியானமும் பிள்ளை அங்கேதானே நின்றாள் என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நல்லகாலம், சனிக்கிழமை பள்ளி இல்லை. அவள் உள்ளே நித்திரை.

என் கணவர் சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். கையில் ஒரு குறடு இருந்தால் அவருக்கு உலகத்தில் பயமில்லை. எட்டிப் பார்த்தார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்ச உடனை கழட்டிப்போடுவம்."

"இஞ்சேருங்கோ, வீட்டுக்காரருக்குச் சொல்லி ஒரு ஆளைக் கூப்பிடுவமே?"

"சொன்னால் மேலை சாடி வைச்சது ஆர் எண்டு கேப்பான், வீட்டை விட்டு எழுப்பிப்போடுவான். ஒக்டோபரிலை இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோப் பேப்பர் புதுப்பிக்க வேணும். வீட்டு வாடகைக் கொன்த்ராத்து இல்லாமல் என்னெண்டு புதுப்பிக்கிறது? கோயில் ஆக்களோடை நாங்கள் நாலு பேர் இருக்கிறம். நீர் சமையலைப் பாரும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஆட்களிடையே ஒரு முறை உண்டு. வீடு மாறினாலும், அலுமாரி தூக்கினாலும், குழாய் உடைந்தாலும், பூசைக்கு வந்த ஆண்களில் நாலு பேரிடம் சொன்னால் போதும், கூலிக்கு ஆள் பிடிக்கிற பேச்சே இல்லை. ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் வைத்தால் காரியம் முடியும். அப்படித்தான் இந்த ஊரில் நாங்கள் இத்தனை வருஷம் சீவித்தோம். அதற்கு நான் எந்த நாளும் நன்றியுள்ளவள். அந்த முறையால்தான் அன்று நாங்கள் ஒரு கொலை செய்யப் பார்த்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு மத்தியானம், ஊர் சாப்பிட்டுப் படுக்கிற நேரம். கணவரோடு கோயில் ஆட்கள் மூன்று பேர். மகளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். கணவர் கம்பிக்கு மேலால் இடுப்புவரை வெளியே சாய்ந்தார். இரண்டு பேர் அவருடைய பெல்ற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர் செப்புக் குழாயை அறுக்க இரும்பறுக்கிற கைவாளோடு நின்றார். முதலில் சாடியை எடுப்பது, பிறகு குழாயை அறுப்பது, பிறகு பெட்டியை உள்ளே இழுப்பது என்று திட்டம்.

சாடி அசையவில்லை.

"என்னெண்டு இது ஒட்டிக்கொண்டு நிக்குது?" என்று கணவர் இரண்டு கையாலும் ஒரு இழுவை இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். பழுதான தாங்கி சுவரிலிருந்து கழன்றது. பெட்டி ஒரு பக்கமாக இறங்கியது. என் வாயில் மாதாவே என்ற சொல் பாதி வந்து நின்றது. ஒரு சாண் இறங்கிய பெட்டியும் அப்படியே நின்றது. ஏன் நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கீழே இருந்து கிழவரின் குரல் வந்தது. "ஃபேர்மி! ஃபேர்மி!" அசையாதீர்கள் என்று.

அடுத்த நிமிஷம் உள்பெனியனோடு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, வீட்டுக்குள் வந்து நின்றார். யாரையும் கேட்கவில்லை. என் கணவரைப் பெல்ற்றில் பிடித்து உள்ளே இழுத்தார். எல்லோரையும் பால்கனியை விட்டு உள்ளே வரச் சொன்னார். மின்சாரம் நிறுத்தியதா என்று என்னிடம் கேட்டார். அலுமாரிக்கு மேலிருந்த ரிமோட்டை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பற்றறி இல்லாமலே நாலு வருஷம். அவர் ரிமோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சைக் கீழே தட்டினார். ஏசி செத்தாலும் அதற்குப் போகிற வயர் சாகவில்லை, இவ்வளவு நேரமும் உயிரோடுதான் இருந்தது.

அடுத்த கேள்வி, ஒழுங்கையில் யார் நிற்கிறார்கள் என்பது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கீழே ஆள் வைக்க வேண்டும் என்று நாலு ஆண்களில் ஒருவருக்கும், அவர்களுக்குக் கறி காய்ச்சிய எனக்கும் தோன்றவில்லை. கிழவர் இரண்டு பேரைக் கீழே அனுப்பி ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறிக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஒரு கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார்.

கணவர் பால்கனித் தரையில் குப்புறப் படுத்துக் கம்பிக்கு ஊடாகக் கீழே பார்த்தார்.

"இஞ்சை வாரும்," என்றார். "இதை ஒருக்காப் பாரும்."

நானும் படுத்துப் பார்த்தேன். கீழ்வீட்டுப் பால்கனியில் ஒரு தடித்த மரத்தூண் நின்றது. அதன் தலையில் குறுக்கே ஒரு பலகை, அடியில் இரும்புத் திருகு. பலகை எங்கள் பெட்டிக்கு ஒரு சாண் கீழே காத்திருந்திருக்கிறது. இறங்கிய பெட்டி அதில்தான் இருந்தது. மேசன்மார் சுவர் விழாமல் கொடுக்கிற முண்டு. மேலே நின்று பார்த்தால் பெட்டி மறைத்துவிடும், ஒழுங்கையிலிருந்து பார்த்தால் அவர் காயப்போட்ட உடுப்பு மறைத்துவிடும். எனக்கு அது ஒருநாளும் கண்ணில் படவில்லை.

எப்போது வைத்தீர்கள் என்று கிழவரைக் கேட்டேன். நீ கதவைச் சாத்தின கிழமையே வைத்தேன் என்றார். முனிசிப்பல் பொலிசுக்குச் சொல்லியிருக்கலாம், சொன்னால் வந்து பால்கனியைப் பூட்டுவார்கள், கடிதத்துக்கு மேல் கடிதம் வரும், வீட்டுக்காரர் உங்களைத்தான் வீட்டை விட்டு எழுப்புவார், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, வெளிநாட்டு ஆட்களுக்கு வீட்டுப் பேப்பர் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாதா என்றார். அவர் இளமையில் ஜெர்மனியில் கட்டட வேலை செய்தவராம். ஆறு வருஷம் ஒரே படியில் ஏறி இறங்கியும் எனக்கு அது தெரியாது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எங்கள் ஆட்கள் சாப்பிட இருந்தார்கள். அவரையும் வற்புறுத்தி இருத்தினோம். ஆட்டிறைச்சிக் கறியின் உறைப்பில் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட ஓட, பாண் துண்டால் கறிக் கோப்பையை வழித்துத் துடைத்தார். அவரோடு ஒரே மேசையில் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் நிற்காமல் பரிமாறிக்கொண்டே இருந்தேன்.

திங்கள் காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, ஏசி கழற்றுகிறவர் பிரான்காச்சோவிலிருந்து தன் தம்பியோடு வந்தார். அங்கே சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். கிழவரின் பழைய சிநேகிதரின் மகன். முதல்நாள் தன் வீட்டு ஞாயிறு விருந்தின் நடுவில் கிழவரின் அழைப்பை எடுத்து, விடியவே வருகிறேன் என்று சொன்ன மனிதர். அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வந்ததும் பெட்டியைப் பட்டைக் கயிறுகளால் இரண்டு சுற்றுச் சுற்றி வீட்டுக்குள் சுவரில் ஒரு பெரிய ஆணி இறுக்கிக் கட்டினார். வயரில் மின்சாரம் இல்லையென்று ஒரு கருவியால் தொட்டுப் பார்த்தார். எங்கள் வாள் மேசையில் கிடந்தது. இது எதற்கு என்று கேட்டார். குழாயை அறுக்க என்றார் கணவர். ஏசிக்காரர் தலையில் கை வைத்தார். ஏசி வேலை செய்யாவிட்டாலும் குழாய்க்குள் வாயு அழுத்தத்தோடு இருக்கும், அறுத்திருந்தால் சீறிக்கொண்டு வந்து முகத்திலும் கண்ணிலும் பட்டிருக்கும், தோல் குளிரில் வெந்துபோகும், அதை அப்படிக் காற்றில் விடச் சட்டமும் விடாது என்று விளங்கப்படுத்தினார். தான் கொண்டுவந்த மெசினைக் குழாயில் பூட்டி, வாயு முழுவதையும் ஒரு சிலிண்டருக்குள் இழுத்து எடுத்தார். அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. முள் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் குழாயைக் கழற்றி, அதன் வாயை மூடினார்.

சாடி ஏன் அசையவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேர், சாடியின் ஓட்டையால் இறங்கி, பெட்டியின் இரும்புச் சல்லடைக்குள் புகுந்து, உள்ளே இருந்த விசிறியைச் சுற்றிப் படர்ந்திருந்தது. கருவேப்பிலைக்கு ஏசியின் உள்வீடு முழுவதும் சொந்தம். அந்த ஆள் மரத்தை வெட்டக் கத்தியை எடுத்தார். வெட்ட வேண்டாம் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். கிழவர்தான், "பியானோ, பியானோ", மெல்ல மெல்ல என்று அவரை மறித்து, தகரக் கத்தரியால் சல்லடையைச் சுற்றிவர வெட்டினார். மரம் சாடியோடும் ஒரு துண்டு ஏசியோடும் உள்ளே வந்தது. இப்போது அது தரையில் தட்டம் வைத்து நிற்கிறது. வெயில் குறைவு, இலையும் குறைவு. கோயிலில் கேட்பவர்களுக்கு அடுத்த மாதம் என்று சொல்கிறேன்.

பிறகு அண்ணனும் தம்பியும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பெட்டியைத் தூக்கிக் கம்பிக்கு மேலால் உள்ளே எடுத்தார்கள். பழைய மின்சாரச் சாமான் வாங்குகிற இடத்தில் அதை ஒப்படைத்துப் பேப்பரும் கொண்டுவந்து தந்தார்கள். அந்தப் பேப்பரோடு வீட்டுக்காரரிடம் போய், சாடி வைத்ததையும் சேர்த்துச் சொன்னோம். பேப்பரை ஒரு தரம் வாசித்துவிட்டு, கழற்றியது நல்லது என்றார். அவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கள் மத்தியானத்தை.

பெட்டி போன இடத்தில் சுவரில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. ஒன்றரைக்குக் கூடையை இறக்க மனம் வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே ஒழுங்கைக்கு இறங்கினேன். மகள் நிற்கிற இடத்தில் நின்று, இனிப் பயமில்லை என்று அவளுக்குச் சொல்ல நினைத்தேன்.

மகள் மூலையால் திரும்பி வந்தாள். என்னை இன்னும் காணவில்லை. என் பக்கம் வராமல் எதிர்ப்பக்கச் சுவரோடு ஒட்டி நடந்து, எதிர்வீட்டு வாசல் வளைவுக்குள் போய் நின்றாள். எங்கள் படிவாசலிலிருந்து கிழவர் வெளியே வந்தார். மகள் தோளிலிருந்து பையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். யோசிக்காமல், பழகிப்போன கையோடு நீட்டினாள்.

என்னைக் கண்டதும் இரண்டு பேரும் களவு பிடிபட்ட மாதிரி நின்றார்கள்.

"என்ன பிள்ளை இது?"

"அம்மா, ஏசாதேங்கோ," என்றாள். "அங்கை நிக்க வேண்டாம், மேலை இருக்கிற பெட்டி விழும் எண்டு கீழ்வீட்டு நொன்னோத் தாத்தா சொன்னவர். நான் இஞ்சை நிப்பன். அவர்தான் பையைக் கொண்டுபோய்க் கூடையிலை வைச்சு, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து தாறவர்."

"அதுக்குக் கீழை போயோ?"

"ஓம். முண்டு வைச்சிருக்கிறியள்தானே, நானே போறன் எண்டு ஒருநாள் கேட்டனான். முண்டு வைச்சவனுக்குத்தான் அது எவ்வளவு தாங்கும் எண்டு தெரியும் எண்டவர். நீ இன்னும் வளர வேணும், நான் வளர்ந்து முடிஞ்சுது எண்டு சொல்லிச் சிரிப்பார்."

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே அவரோடை கதைக்கக்கூடாது எண்டனீங்கள்."

தவக்காலத்திலிருந்து அன்றுவரை, பள்ளி இருந்த ஒவ்வொரு நாளும், நான் மேலே அடுப்படியில் நிற்க, என் பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் அந்த மனிதர் போய் நின்றிருக்கிறார். இரண்டு தரம் கயிற்றை இழுத்தது அவர் கை.